மாப்ளைக்கு: அந்த க்ரீன் வீட்டு ஃபைலைப் பத்தி

பெருந்துறை,
ஞாயித்துக்கெழம பொழுதோட

டேய் மாப்ள,

சௌக்கியமா? தங்கச்சி, கொழந்தைக எல்லாம் நல்லா இருக்காங்களா? வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ பாதி கேட்டுட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சு அனுப்பிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. இங்க எல்லாரும் சுகம். பெரியவளுக்கு ஈரோட்டுல வேலை கெடச்சிருச்சு, பஸ்லயே போயிட்டு வர்றா. அம்மாவுக்குக் கால்வலி அப்படியேதான், டாக்டரு மாத்திரைய மாத்தி மாத்திக் குடுக்கறாரு, அவங்க அதை அலமாரில அடுக்கி வெச்சுட்டு தைலம் தேச்சுக்கறாங்க. நம்ம கூடப் படிச்ச வெள்ளகோயில்காரன் மில்லைப் பையன் கையில குடுத்துட்டு தோட்டத்துல சாளை போட்டு உக்காந்துட்டான், பாத்தா பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கறான்.

சரி, நீ கட்டப்போற க்ரீன் வீட்டுக்குன்னு அனுப்புன ஆர்க்கிடெக்ட் ஃபைலை முழுசா பாத்தேன். படமெல்லாம் ஜோரா இருக்குது, காங்கயத்துல இருக்கற எடம்னே தெரியல. பக்கத்துக்குப் பக்கம் நெட் ஜீரோ, லோ விஓசி, யூ வேல்யூ, பயோஃபிலிக்னு அடுக்கிருக்கறாப்ல. இதுல எது நெசம் எது ஃபிலிம்னு நீ கேட்டிருக்க. வார்த்தை எதுவும் பொய்யில்லடா, ஒவ்வொண்ணும் எதையோ ஒண்ணை அளக்கறதுக்கு வந்ததுதான். எதை அளக்குது, என் வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னு கேளு, நம்பரு சொன்னாப்லன்னா விசயம் தெரிஞ்ச ஆளு, சொல்லலைன்னா அது சும்மா ஜிகினா. (பயோஃபிலிக்குக்கு மட்டும் கேக்காத, செடிகொடி கண்ணுல படற மாதிரி வீடு கட்டறதுக்கு அப்படி ஒரு பேரு, அவ்வளவுதான்.)

எனக்கு முக்கியமாப் பட்டது பேசிவ் டிசைன், அதை ஆறாம் பக்கத்துல ஒரே வரியில தாண்டிட்டாப்ல. மெஷினு எதுவும் ஓட்டாம, வீட்டை வெக்கற தெசையும் நெழலும் காத்துமே பாதி வேலையப் பாத்துக்கறதுக்குப் பேருதான் அது. நம்மூரு பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கால இருக்குது. அதனால ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிவெயிலு நமக்கு வடக்கால சாஞ்சிருக்கும், மத்த மாசம் தெக்கால. ரெண்டுமே ஒசரத்துல இருந்து எறங்கற வெயிலு, ரெண்டடி சன்ஷேடு போட்டாத் தடுத்துரலாம். கெழக்கும் மேக்கும் அப்படியில்ல, சாயங்கால வெயிலு படுத்துக்கிட்டே வரும், சன்ஷேடை எத்தனை நீட்டினாலும் அடியில பூந்து உள்ள வந்துரும். அதான் வீட்டை கெழமேலா நீளமா வெச்சு மேக்குச் சுவத்தைச் சின்னதா வெக்கச் சொல்றது. உன் பிளான்ல என்னன்னா ஹாலு மேக்கு பாத்து தரையில இருந்து சீலிங் வரைக்கும் முழுக்கண்ணாடி! அந்தச் சூட்டை நிறுத்த ரெட்டைக்கண்ணாடி, அதுக்கு மேல ரெண்டு டன் ஏசி, அந்த ஏசிக்கு சோலார். ஒரு ஜன்னலை எடம் மாத்தி வெச்சிருந்தா இத்தனையும் வேண்டியதில்ல, ஆனா மூணையும் க்ரீன் ஐட்டம்னு தனித்தனியா கணக்குல ஏத்திருக்கறாப்ல, கெரகம்.

அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல எஸ்ஹெச்ஜிசி 0.25ன்னு போட்டிருக்கு பாரு, கண்ணாடி மேல விழுகற வெயில் சூட்டுல கால்வாசி உள்ள வருதுன்னு அர்த்தம். அந்த நம்பரு கொறைய கொறைய நல்லது. யூ வேல்யூங்கறது வேற, வெளியவும் உள்ளயும் ஒரு டிகிரி சூடு வித்தியாசம் இருந்தா ஒரு சதுர மீட்டர் சுவத்து வழியா எத்தனை வாட் சூடு கடந்து வருதுங்கற கணக்கு. ஒம்பது இஞ்ச் செங்கச் சுவருக்கு ரெண்டு கிட்ட வரும், எட்டு இஞ்ச் ஏஏசி பிளாக்குக்கு (உள்ள காத்துக்குமிழி இருக்கற லேசான கல்லு) ஒண்ணுக்கும் கீழ. ஆனா அதை மட்டும் பாத்துட்டு சுவரை முடிவு பண்ணாத. செங்கச் சுவரு சூட்டைப் புடிச்சு வெச்சு நேரங்கழிச்சு விடும், மூணு நாலு மணிக்கு மேக்குச் சுவரு வாங்குன சூடு ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்பக்கம் வந்து சேருது, சரியா நாம படுக்கற நேரம். நம்ம பெரியவங்க வாசல்ல கயித்துக்கட்டிலைப் போட்டது சும்மாவா? உங்க பழைய வீட்டு ஒன்றரையடி மண்சுவத்துல அது இன்னும் தள்ளிப் போயி விடியக்காலம் ஆயிரும், அதுக்குள்ள வெளிய குளுந்து போயிருக்கும். தெர்மல் மாஸுன்னு ஃபைல்ல போட்டிருக்கறது இதைத்தான்.

இதுல நம்மூருக்கு ஒரு சிக்கல் இருக்குது, அதை எந்தப் புஸ்தகத்தையும் பாத்து காப்பியடிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் அடிக்கற காத்தும் அதே மேக்காலதான் வருது. பல்லடம், தாராபுரம், உடுமலைன்னு காத்தாலையா நட்டு வெச்சிருக்கறதே அதை நம்பித்தான். வெயிலுக்கு மேக்கை அடைக்கணும், காத்துக்கு மேக்கைத் தொறக்கணும், ரெண்டும் ஒட்டுக்கா எப்படி? மேக்கால ஒரு வராண்டா, அதுக்கு செங்கல்லுல ஓட்டை ஓட்டையா ஜாலி வெச்ச சுவரு, வெளிய ரெண்டு வேம்பு, ஒரு புங்கன். காத்து நெழல்ல நொழஞ்சு வரும். வந்த காத்து வெளிய போக கெழக்கால அதைவிடப் பெரிய ஜன்னலு வேணும், போக வழியில்லைன்னா காத்து உள்ளயே வராது, கிராஸ் வென்டிலேஷன்னு சொல்றது அதான். வீட்டு நடுவுல மேல தொறந்த தொட்டி, அதான் முத்தம், இருந்தா சூடான காத்து அது வழியா மேல ஏறிப் போயிரும், அதுக்குப் பேரு ஸ்டாக் எஃபெக்ட். உங்க தொட்டிக்கட்டு வீட்டுல மத்தியானம் ஆசாரத்துல, அந்த முன்கூடத்துல படுத்தா ஃபேன் இல்லாமத் தூக்கம் வந்துச்சே, அதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

க்ரீன் கட்டடத்துக்கு மார்க்கு போடற ரேட்டிங்கைப் பத்திக் கேட்டிருந்த. லீட் அமெரிக்காக்காரனோடது, 80 பாயிண்டோ அதுக்கு மேலயோ எடுத்தா பிளாட்டினம். ஐஜிபிசிங்கற இந்தியன் க்ரீன் பில்டிங் கவுன்சில் 2001ல சிஐஐங்கற தொழில் கூட்டமைப்பு ஆரம்பிச்சது, ஹைதராபாத்துல இருக்குது. அவங்க இருக்கற கட்டடம்தான் 2003ல அமெரிக்காவுக்கு வெளிய மொத மொதல்ல லீட் பிளாட்டினம் வாங்குனது. கிரிஹாங்கற ரேட்டிங் டெல்லி டெரி ஆராய்ச்சி நிறுவனம் மத்திய அரசோட சேந்து கொண்டாந்தது, ஒண்ணுல இருந்து அஞ்சு ஸ்டாரு. ஆபீசு, காலேஜு, ஆஸ்பத்திரி கட்டறவங்களுக்கு இதெல்லாம் பிரயோசனம்தான், ஒரு ஒழுங்கு வருது. உனக்கெதுக்குடா? சர்டிபிகேட்டுங்கறது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பத்துக்கு ஒம்பது பொருந்தும், குடும்பம் நடத்தறப்பத்தான் தெரியும், இங்க குடும்பம்ங்கறது கரண்டு பில்லு. அதுக்குப் பதிலா ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்குன்னே 2018ல மத்திய அரசு போட்ட விதிமுறை ஒண்ணு இருக்குது. சுவரு, ஜன்னலு எல்லாஞ் சேந்து உள்ள விடற சூடு சதுர மீட்டருக்கு சராசரி 15 வாட்டைத் தாண்டக்கூடாதுங்குது, ஆர்ஈடிவின்னு பேரு. அந்த மேக்குக் கண்ணாடியோட சேத்து அந்த நம்பரைப் போட்டுத் தரச் சொல்லு, என்ன சொல்றாப்லன்னு பாக்கலாம்.

இன்னொண்ணு, ஈபிஐன்னு ஒரு நம்பரைப் பெருமையாப் போட்டிருக்குது. வருசத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட்டுங்கறது அது. ஆளில்லாத ரூமு கரண்டு எடுக்காதுல்ல, அதனால வீடு பெருசாகப் பெருசாக இந்த நம்பரு தானா கொறஞ்சு நல்லா வரும். நாலு பேருக்கு 3200 சதுர அடி, கெஸ்ட் ரூமே ரெண்டு. வருசத்துக்கு ரெண்டு தடவ நோம்பிக்கு வர்ற ஒறம்பரைக்காகக் கட்டற ரூமுக்கு சிமெண்ட்டு, கம்பி, பெயிண்டு எல்லாம் ஆகுதே, அது எந்தக் கணக்குல வருது? மொத்த யூனிட்டைக் கேளு, சதுர மீட்டருக்கு எவ்வளவுன்னு கேக்காத.

நெட் ஜீரோ தப்பில்ல, ஆனா அது வருசக் கணக்கு. ஒரு கிலோவாட் பேனல் சராசரியா நாளைக்கு நாலு யூனிட் தரும், அஞ்சு கிலோவாட் போட்டா இருபது. பகல்ல ஈபிக்குக் குடுத்து ராத்திரி வாங்கி வருசக் கடைசியில ரெண்டும் சரியாப் போனா நெட் ஜீரோ. கரண்டு போனா உன் வீட்டுலயும் போயிரும், பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடற ஆன்கிரிட் இன்வெர்ட்டரு லைன்ல வேலை செய்யறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு தானா நின்னுக்கும். இதைச் சொல்லாம வித்துட்டு, பொறவு சண்டைக்குப் போறவங்களை ஏகமாப் பாக்கறேன். மத்திய அரசோட சூர்யா கர் சோலார் திட்டத்துல மூணு கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போட்டா 78,000 ரூபா மானியம் இருக்குது, அதை விட்றாத.

லோ விஓசி பெயிண்டு போட்டுக்கோ, புதுப் பெயிண்டு வாசத்துல தலைவலிக்குதே அந்த ஆவி கொறஞ்சது, தங்கச்சிக்கு வீசிங் இருக்கறதால கட்டாயம் போடு. மொட்டைமாடிக்கு எஸ்ஆர்ஐ கூடுன வெள்ளை டைல்ஸும் சரிதான், வெயிலு பட்டாலும் எவ்வளவு சூடேறாம இருக்குதுன்னு, கருப்பை சைபர்னும் வெள்ளையை நூறுன்னும் வெச்சு அளக்கற அளவு அது, ஆனா தூசி படிஞ்சா நம்பரு எறங்கிரும், கூட்டிக் கழுவணும். லானு மட்டும் வேண்டவே வேண்டாம் சாமி! காங்கயத்துல பச்சைப்புல்லுக்குத் தண்ணி ஊத்தறதை சஸ்டெய்னபிள்ங்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். நம்ம கொறங்காட்டு மேய்ச்சல் நெலத்தைப் பாரு, கொழுக்கட்டைப்புல்லு, வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி, யாரு தண்ணி ஊத்தறாங்க?

தண்ணி விசயத்துல ஃபைலு நல்லாத்தான் சொல்லுது. 1000 சதுர அடி மாடியில ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா 93 லிட்டரு. வருசத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர்னு வெய்யி, வீணாப் போறது போக 44,000 லிட்டராச்சும் நிக்கும். நாலு பேரு குடிக்கறதுக்கு சமையலுக்கு ஆளுக்குப் பத்து லிட்டர்னாலும் வருசத்துக்கு 14,600தான். உங்க போர்ல வர்ற உப்புத்தண்ணிக்கு ஆர்ஓ போட்டு பாதியைச் சாக்கடையில விடறதுக்கு இது எவ்வளவோ மேலு. 2003ல மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தப்ப ஊரே பைப்பை மாட்டுச்சு, நெறைய வீட்டுல அந்தப் பைப்பு மண்ணுக்குள்ள எங்க போகுதுன்னு வீட்டுக்காரனுக்கே தெரியாது. நீ மழைத்தண்ணிக்குத் தொட்டி கட்டு, மொத மழையை வெளிய தள்ளி விடற வால்வு வெய்யி. குளிக்கற தண்ணி, துவைக்கற தண்ணி கிரே வாட்டரு, கல்வாழை, வாழைன்னு அப்பப்ப பாச்சிரணும், தொட்டியில ஒரு நாளைக்கு மேல வெச்சா நாறும்.

இப்ப ஃபைல்ல இல்லாத வார்த்தைக்கு வர்றேன். எம்பாடிட் எனர்ஜி, எம்பாடிட் கார்பன்னு ஒண்ணு இருக்குது, வீட்டுக்குள்ள ஒரு லைட்டு எரியறதுக்கு முன்னாடியே, செங்கல்லு சுட்டு, கம்பி உருக்கி, லாரியில ஏத்தி எறக்கி செலவான அத்தனையும் அதுல வரும். சிமெண்ட்டுதான் பெரிய ஆளு. உலகம் முழுக்க மனுசன் விடற கார்பன் டை ஆக்சைடுல நூத்துக்கு ஏழெட்டு சிமெண்ட்டோடது, அதுலயும் பாதிக்கு மேல சூளைக்கு எரிக்கற எரிபொருள்ல இருந்து வர்றதில்ல, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா அந்தக் கல்லே விடறது. அதனால சோலார் போட்டு சூளையை ஓட்டினாலும் அந்தப் பாதி போகாது. பிபிசி சிமெண்ட்டுல நூத்துக்கு 15ல இருந்து 35 வரைக்கும் மேட்டூர் மாதிரி அனல்மின் நெலையத்துச் சாம்பலைக் கலக்கறதால கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்.

உன் பிளான்ல மொதல் வேலைன்னு போட்டிருக்கறது உங்க அப்பாரு கட்டுன வீட்டை இடிக்கறது. அதுக்கு ஜேசிபி வாடகை மட்டும் எழுதிருக்குது. அந்த மண்சுவரு, சீமை ஓடு, பனங்கை, விட்டம், கல்லுத்தூணு எல்லாத்துக்கும் செலவு எப்பவோ ஆயிப்போச்சு, அதைக் குப்பையாக்கிட்டு அதே எடத்துல லாரி லாரியா சிமெண்ட்டைக் கொட்டி பிளாட்டினம் வாங்கறதுல என்ன அர்த்தம்? ஆசாரத்தையும் தொட்டியையும் அப்படியே வெய்யி. பின்னால பொடக்காளிப் பக்கம் ரெண்டு பெட்ரூமு, உள்ளயே பாத்ரூமு, சமையக்கட்டு புதுசா எடு. அதுக்கு ரேட் டிராப் பாண்டு போடலாம், செங்கல்லைப் படுக்க வெக்காம அதோட நீளவாட்டு விளிம்புல நிறுத்தி நடுவுல காலி விட்டுக் கட்டறது, கேரளாவுல லாரி பேக்கர் நெறையக் கட்டுனாரு, கால்வாசி செங்கல்லு மிச்சமாகும், சூடும் கொறையும். அவரு இடிச்ச வீட்டு மரம், ஜன்னலு எல்லாத்தையும் எடுத்துப் புது வீட்டுல வெச்சவரு. நம்ம மேஸ்திரிக மொகத்தைச் சுழிப்பாங்க, கூலி கொஞ்சம் எச்சாக் கேப்பாங்க, அதை நான் பாத்துக்கறேன்.

பழைய வீட்டுல கொறையே இல்லைன்னு சொல்லல. இருட்டு, படி ஒசரம், மழைக்கு ஓடு ஒழுகுது, ராத்திரி பாத்ரூமுக்கு உங்கம்மா பொடக்காளி வரைக்கும் நடக்கணும். கண்ணாடி ஓடு நாலு போட்டா இருட்டு போயிரும், படியைச் சாய்வாக்கலாம், ஓடு மாத்தலாம். கரையான்தான் பயம். விட்டம் உள்ளுக்குள்ள அரிச்சுப்போயிருந்தா நான் சொன்னதுல பாதியை மாத்திக்க வேண்டி வரும், அதைப் பாக்காம ஆர்க்கிடெக்ட்டுக்கு அட்வான்ஸ் குடுக்காத. சாவி உங்க சித்தப்பாகிட்டத்தான இருக்குது? போன் பண்ணிச் சொல்லி வெய்யி, வர்ற புதங்கெழம ஆசாரியைக் கூட்டிட்டுப் போயி தட்டிப் பாத்துட்டு போட்டோ அனுப்பறேன்.

உன்,
பெருந்துறையான்