பாத்திகள் தப்பின: மசினகுடியிலிருந்து ஒரு நன்றி மடல்

வேலி போட்ட அண்ணனுக்கும், பட்டறைத் தம்பிகளுக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், பழஞ்சேலை தந்த அக்காமார்களுக்கும், மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் வணக்கம்.

மாசி பிறந்தால் முதுமலைக் காட்டையொட்டிய நம் மசினகுடியில் புல் காய்ந்துவிடும். பிறகு புள்ளிமானுக்குப் பச்சை என்றால் வீட்டு அவரையும் கீரையும் செம்பருத்தியும்தான். இந்தக் கோடையில் அவை தப்பியது உங்களால்.

முதல் நன்றி காவலர்களுக்கு. எது தின்றது என்று தெரியாமல் வேலிக்குச் செலவழிப்பது வீண் என்றீர்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் அது தண்டை நறுக்காது, பிய்க்கும். கடித்த நுனி நார் நாராகப் பிசிறு தட்டி நிற்கும். முயல் தின்ற தண்டு கத்தியால் சீவினமாதிரி சாய்வாக இருக்கும். மரத்தின் அடியில் பல் தடத்தோடு பட்டை கொறிபட்டிருந்தால் முள்ளம்பன்றி. இடுப்புயரத்தில் பட்டை உரிந்து தொங்கினால் ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. இளங்கன்றுக்கு அது தின்பதைவிடக் கேடு.

வேலி அண்ணே, "எல்லையை அடைக்காதீங்க, பாத்தியை மட்டும் அடைங்க" என்றீர்களே, அதுதான் பெரிய உதவி. இது யானை நடக்கிற ஊர். எல்லை முழுக்க அடைத்தால் அதன் வழியும் மறிபடும், வேலியும் மிஞ்சாது. 20க்கு 30 அடி இடம் ஒரு குடும்பத்துக் காய்கறிக்குப் போதும். குறுகின பக்கத்தை மூன்றாகவும் நீளப் பக்கத்தை நான்காகவும் பிரித்தால் 14 கால். கதவு நிலைக்கு ஒன்று கூட, ஆக 15. ஒவ்வொன்றும் பத்தடி ஜிஐ பைப், ஒன்றரை அங்குலம். இரண்டடி மண்ணுக்குள், எட்டடி வெளியே. குழிக்கு 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு). ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகே வலையை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே இழுத்தால் மூலைக்கால் உள்ளே சாயும், வலை தொய்யும், மறுபடி நிமிர்த்த வழியில்லை. நான்கு மூலைக்கும் இரண்டு பக்கமும் முட்டுக்கால் வேண்டும்.

வலை ஆறடி அகலச் சங்கிலி வலை, இரண்டு அங்குலக் கண். அதில் ஐந்தடியை நிமிர்த்தி, மீதி ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் கிடத்தி, மேலே கல் அடுக்கச் சொன்னீர்கள். காரணம், மான் எடுத்ததும் தாண்டுவதில்லை. முதலில் கீழே மூக்கை நுழைத்துப் பார்க்கும். ஒரு சாண் சந்து கிடைத்தால் குட்டி போகும், பின்னால் தாயும் முட்டிக்கொண்டு போகும். ஐந்தடிக்கு மேலே ஓரடிக்கு ஒன்றாக மூன்று கம்பி. வலையைக் காலின் வெளிப்பக்கம் கட்டியதும் சரி. உள்பக்கம் கட்டினால் மான் முட்டும் பாரமெல்லாம் கட்டுக்கம்பியில் இறங்கும், ஒவ்வொன்றாக அறும்.

பட்டறைத் தம்பிகளே, கதவை வேலி உயரத்துக்கே செய்து, மேலும் கீழும் கொண்டி வைத்தீர்கள். கீழே கல்படி பதிக்காமல் விட்டிருந்தால் மழை மண்ணை அரித்து, வேலி இருந்தும் இல்லாத கதைதான்.

அக்காமார்களே, உங்கள் சேலைகள் வலையில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மானுக்கு நிறத்தைப் பார்த்துப் பயமில்லை. குதித்தால் கால் எங்கே ஊன்றும் என்று தெரியாத இடத்தில் அது குதிக்கத் தயங்கும், அவ்வளவுதான் விஷயம். படபடக்கத் தொங்கவிட்ட துணிக்குச் சில நாளில் பழகிவிடும். வேலிக்கு வழியில்லாதவர்களும் பந்தலைச் சுற்றி ஆளுயரத்துக்குச் சேலை கட்டலாம், ஒன்றுமில்லாததற்கு மேல்.

நைலான் மீன்வலை வேண்டவே வேண்டாம் என்று தடுத்ததற்குத் தனி நன்றி. ஆண்மான் கொம்பில் அது சிக்கினால் உதற உதறச் சுருளும். அப்படிச் சிக்கினால் கூட்டம் கூடி இழுக்கக் கூடாது; பயத்திலேயே மான் செத்துப்போகும். சத்தமில்லாமல் விலகி நின்று வனத்துறையைக் கூப்பிட வேண்டும். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் விடுவது குற்றம், மனிதனையும் கொல்லும். சோலார் மின்வேலிக்கும் தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு தேவை. கீரைப்பாத்திக்கு அத்தனை பாடு எதற்கு?

அண்ணாச்சி எடுத்து வைத்த கீறல் விழுந்த முட்டைகள், வாடைக்கு மான் ஒதுங்கட்டும் என்று ரோஜாவிலும் செம்பருத்தியிலும் தெளிக்க ஆயின. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று முட்டை, நன்றாக அடித்து, துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். வெள்ளைக்கருவின் நூல் போனால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். புதுத்தளிரில் வாடை இருக்காது, மழையும் கழுவிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை. தின்கிற கீரையில் தெளிப்பதில்லை. பசி முற்றிய மானுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: குரங்கு உதிர்த்த கொய்யாவையும் மாவிலையையும் அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள். காட்டில் மந்தி தின்னும் மரத்தடியில் மான் நிற்கும். இங்கேயும் அதே பழக்கம்தான். மானைத் தேடிச் சிறுத்தை வரும்.

அக்காமார்களே, சேலைகளைத் திருப்பித் தர முடியாது. வெயிலில் பாதி வெளுத்துவிட்டன. கிழிந்ததை மாற்ற இன்னும் நாலைந்து இருந்தால் எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
மசினகுடி வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர்