ஏழாவது ஆட்டத்தில் எங்கே போனார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் வீரர்களின் சம்பளத்தை நியாயப்படுத்தி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்குகிறார்கள், ரசிகனுக்கு இதில் என்ன கவலை என்பதுதான் அதன் சாரம். எனக்குக் கவலை இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காசில் கொஞ்சம் என்னுடையது.

1991 இல் இந்த ஊருக்கு வந்தவன் நான். ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாது. தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் திங்கட்கிழமை காலையில் பேசுவது விளங்கவேண்டுமே என்று சனிக்கிழமை இரவுகளில் பார்க்கத் தொடங்கினேன். 1993 பிளேஓஃபில், அதாவது பருவ முடிவில் ஸ்ரான்லி கப்புக்காக நடக்கிற ஆட்டங்களில், லீஃப்ஸ் வீரர் டக் கில்மோர் விளையாடியதைப் பார்த்த பிறகு விடமுடியவில்லை. அந்த மனிதர் உடம்பில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் விளையாடினார். அந்த முறையும் தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் யாரையும் திட்டத் தோன்றவில்லை.

2025 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஓஃபில் புளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டமும் நாங்கள் வென்றோம். பிறகு ஐந்தாவது ஆட்டம், சொந்த ஊரில், 6-1 தோல்வி. ஏழாவது ஆட்டம், அதுவும் சொந்த ஊரில், மறுபடியும் 6-1. மத்தியூஸ், நீலாண்டர், மார்னர், தவாரஸ் என்று நாங்கள் பெயர் சொல்லிக் கொண்டாடிய நால்வரில் ஒருவரும் அந்த இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஜேர்சியைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்துவிட்டுப் போனார்கள் ரசிகர்கள்.

அந்தப் பருவத்தில் ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 88 மில்லியன் அமெரிக்க டொலர். மத்தியூஸ் 13.25, நீலாண்டர் 11.5, தவாரஸ் 11, மார்னர் 10.9. கூட்டிப் பாருங்கள், 46 மில்லியனைத் தாண்டும். பாதிக்கு மேல் நாலு பேருக்கே போனால் மிச்சக் காசில் மற்ற எல்லாரையும், கோல்காப்பாளர்களையும் சேர்த்து, எப்படிப் பிடிப்பது? பிற்ஸ்பேர்க்கில் சிட்னி குரொஸ்பி என்று ஒருவர் இருக்கிறார். மூன்று முறை கப் வென்றவர். 2024 இல் புது ஒப்பந்தம் போடும்போதும் பழைய 8.7 மில்லியனே போதும் என்றார். அதையும் ஏழைச் சம்பளம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் விட்டுக்கொடுத்த மிச்சத்தில் இன்னொரு வீரரை எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் கோபம் தொகையில் மட்டும் இல்லை. இந்த ஒப்பந்தங்களில் பெரும்பங்கு போனஸ், பக் (ஹொக்கியில் அடிக்கிற வட்டு) தரையில் விழுந்து பருவம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூலை முதலாம் திகதியே கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல், தன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும் நால்வருக்கும் இருந்தது. வென்றாலும் தோற்றாலும் காசு வரும், இடமும் மாறாது. நான் முப்பது வருசம் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்தவன், ஒரு நாள் பிந்திப் போனால் சம்பளத்தில் வெட்டுவார்கள். தவாரஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், அவர் அந்தக் கோடையில் வருசத்துக்கு 4.38 மில்லியனுக்கு இறங்கி வந்து கையெழுத்திட்டார், அதை மதிக்கிறேன். மார்னர் லாஸ் வேகஸ் அணிக்குப் போய் 12 மில்லியன் வாங்குகிறார். தோற்றதற்காக வீரர்களின் வீட்டையும் பிள்ளைகளையும் இழுத்துத் திட்டுகிறவர்களோடு என்னைச் சேர்க்கவேண்டாம், அது அசிங்கம்.

ஒருகாலத்தில் வீரர்களை முதலாளிகள் சுரண்டினார்கள் என்பதும் உண்மைதான். 1957 இல் வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்ற ரெட் லின்ட்சே என்ற வீரரை டெற்றோயிற் அணி சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டது. நாங்கள் தினமும் கோப்பி வாங்கிக் குடிக்கிற ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையின் பெயருக்குரியவர் லீஃப்ஸுக்காக நாலு கப் வென்ற வீரர். அவரே 1964 இல், இன்னும் விளையாடிக்கொண்டிருந்தபோதே, ஹமில்ரனில் டோனட் கடை திறந்தார். அந்தக் காலத்து அநியாயம் திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கடைசியாகக் கப் வந்தது அவர் விளையாடிய 1967 இல். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு 24 வருசத்துக்கு முன்பு.

சென்ற குளிர்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு அரீனாவுக்குப் போனேன். இரண்டு ரிக்கெற், அதுவும் கூரையோடு ஒட்டிய இருக்கை, எங்கள் வீட்டில் மூன்று கிழமைச் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிற காசு. ஆட்டம் முடிந்து ஸ்காபரோவுக்குத் திரும்பும் வழியில், "அப்பா, இவர்களுக்குத் தோற்றால் கவலையே இல்லையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

பெண்களுக்கான தொழில்முறை ஹொக்கி லீக் 2024 இல் தொடங்கியபோது அதில் குறைந்தபட்சச் சம்பளம் வருசத்துக்கு 35,000 அமெரிக்க டொலர். ரொறன்ரோ அணி முதல் பருவத்தில் விளையாடியது பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில், 1967 இல் கப்பைத் தூக்கிய அதே கட்டடம். இப்போது ஸ்செப்டர்ஸ் என்ற பெயரில் கோகோகோலா கொலிசியத்தில் விளையாடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன், 4-1 என்று பின்தங்கியிருந்தாலும் பக்கின் பின்னால் விழுந்தடித்து ஓடுகிறார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் லீஃப்ஸுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி. ஸ்செப்டர்ஸ் எந்த நாளில், எத்தனை மணிக்கு விளையாடுகிறார்கள் என்று நாலு வரியாவது போடுங்கள். இந்த வருசம் மகளோடு அங்கேதான் போகப்போகிறேன்.

இப்படிக்கு,
முப்பது வருச லீஃப்ஸ் ரசிகன்,
ஸ்காபரோ