ஹோம் ரன் பட்டியலில் மைதானத்தையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க பேஸ்போலுக்கும் இடம் தருகிறீர்கள், பெரிய சந்தோஷம். தியகமவில் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது, நம் பாடசாலைப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், அவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) பட்டியல் போடும்போது மொத்தத்தை மட்டும் போடாமல், சொந்த மைதானத்தில் எத்தனை, வெளியில் எத்தனை என்று பிரித்துப் போடுங்கள்.

பெரியவர்கள் ஆடும் பேஸ்போலில், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் 90 அடி, அது எந்த மைதானத்திலும் மாறாது. ஆனால் பந்து தாண்ட வேண்டிய சுவர் இருக்கிறதே, அதன் தூரமும் உயரமும் மைதானத்துக்கு மைதானம் வேறு. பொஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடதுபக்கச் சுவர் 310 அடியிலேயே வந்துவிடும், ஆனால் உயரம் 37 அடி. வேறு இடத்தில் தாழப் பறந்து வெளியே போயிருக்கும் பந்து அங்கே சுவரில் மோதி விழுகிறது, வேறு இடத்தில் பிடியாகியிருக்கும் உயரப் பந்து ஹோம் ரன் ஆகிறது.

மெல் ஒட்டையும் ஜோ டிமாஜியோவையும் பாருங்கள். இருவரும் நியூயோர்க்கில் ஆடியவர்கள், அவர்களுடைய மைதானங்களுக்கு நடுவே ஹார்லம் ஆறு மட்டும்தான். ஒட் இடதுகைக்காரர், இழுத்து அடித்தால் பந்து வலதுபக்கம் போகும், போலோ கிரவுண்ட்ஸில் அந்த மூலை 260 அடிகூட இல்லை. டிமாஜியோ வலதுகைக்காரர், பழைய யாங்கி ஸ்டேடியத்தில் அவர் பலமாக அடிக்கும் இடது-நடுப் பகுதியிலோ சுவர் 450 அடிக்கும் அப்பால். மொத்தத்தைப் பார்த்தால் ஒட் 511, டிமாஜியோ 361, பேச்சே இல்லை. ஆனால் ஒட்டின் 511இல் 323 சொந்த மைதானத்தில் வந்தவை, வெளியில் 188தான். டிமாஜியோ சொந்த மைதானத்தில் 148, வெளியில் 213! அதுவும் ஒட் 22 பருவங்கள் ஆடினார், டிமாஜியோ 13தான். ஒட்டைக் குறைத்துச் சொல்லவில்லை, இருக்கிற மைதானத்தை அறிந்து அடிப்பதும் திறமைதான். ஆனால் மொத்தம் மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு டிமாஜியோவின் பலம் எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மைதானம்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது, அதற்கும் இந்தப் பிரிப்பு வேண்டும். 1961இல் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்தார். அவரும் இடதுகைக்காரர், சொந்த மைதானமான யாங்கி ஸ்டேடியத்தின் கிட்டடியான வலதுபக்கம் கைகொடுத்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அங்கே 30, வெளியில் 31. டென்வர் நகரம் நம் நுவரெலியாவைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு, ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும், அதற்காகவே அங்குள்ள கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் சுவர்களைத் தள்ளி வைத்தார்கள். அங்கே ஆடிய லாரி வோக்கர் 1997இல் அடித்த 49இல் 29 வெளி மைதானங்களில் வந்தவை.

இந்தக் கணக்கெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் பதிவில் இருக்கிறது, தேடி அலைய வேண்டியதில்லை. பட்டியலில் இன்னும் இரண்டு நிரல் சேர்த்தால் போதும், அப்புறம் இடம் மிஞ்சினால் வீரர் இடதுகையா வலதுகையா என்றும் போடுங்கள்.

ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06