தோமா அக்குவினாஸ் போய்விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சபைப் புதுப்பித்தல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி, இரண்டு வாரமாக என்னை உறுத்துகிறது: “மத்தியகாலத்து வறட்டுத் தர்க்கத்தை வத்திக்கான் சங்கம் மூட்டை கட்டிவிட்டது.” வறட்டுத் தர்க்கம் என்று அங்கே சொல்லப்படுவது, பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸின் வழியைத்தான். தாங்கள் அறியாததல்ல. உலக ஆயர்கள் கூடிய அதே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் குருமாணவர் பயிற்சிக்காக வெளியிட்ட ஆணை, விசுவாச மறைபொருள்களைப் புனித தோமாவை ஆசானாகக் கொண்டு ஆழ்ந்து கற்கச் சொல்கிறது. விவிலியத்தையும் திருச்சபைத் தந்தையரையும் சங்கம் முன்னுக்குக் கொண்டுவந்தது உண்மை. வெறும் மனப்பாடம் போனது, சரி, நல்லதுதான். தோமா போகவில்லை.

வறட்டுத் தர்க்கம் என்கிறீர்கள். 2008-ல் பர்மாவைத் தாக்கிய நர்கிஸ் புயலுக்குப் பிறகு, ஐராவதி டெல்டாவில் தாய்மாமன் குடும்பத்தையே பறிகொடுத்த பையன் ஒருவன் என் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று, “சயாமா, சாமி நல்லவர்னா இது ஏன் நடந்துச்சு?” என்றான். (சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை.) சிறுமியாக இருந்தபோது நான் இப்படிக் கேட்டதற்கு உபதேசியார் முட்டி போட வைத்தார். அதனால் அவனை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. தோமா தன் இறையியல் தொகுப்பில், கடவுள் உண்டா என்ற இடத்தில் முதலில் எழுதி வைப்பதே இந்தக் கேள்வியைத்தான்: உலகில் தீமை இருக்கிறதே, அப்படியானால் கடவுள் இல்லை என்றல்லவா ஆகிறது? கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளைச் சொன்ன பிறகும், மறக்காமல் திரும்பி வந்து அதற்குப் பதில் சொல்கிறார். இதைச் சொன்னதும் பையன் மெதுவாகக் கேட்டான்: “அப்ப நான் கேட்டது பாவம் இல்லையா?”

நற்கருணை ஆசீரில் நம் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு பாடும் ‘மாண்புயர் இவ்வருட்சாதனத்தை’ கூட அவர் இலத்தீனில் எழுதியதன் தமிழ்தான். கோயிலில் வாரந்தோறும் பாடுகிறோம், பத்திரிகையில் வறட்டு என்கிறோம்.

முன்பும் எழுதினேன். திருவிழாப் படங்களுக்கு ஆறு பக்கம் ஒதுக்குகிறீர்கள், மறைக்கல்விக்கு ஒரு பத்தி கிடையாது என்று. பதிலே வரவில்லை. இங்கே ரங்கூனில் நம் பிள்ளைகள் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நாலைந்து பேர் உங்கள் இதழைத்தான் கையில் எடுக்கிறார்கள். அவர்களிடம் இந்த வரி போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், அக்குவினாஸ் என்ற பெயரை ‘அக்யூனாஸ்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
ரங்கூன்