பத்தரை மணி வகுப்பு: தங்கச்சி செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி செல்விக்கு,

உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்தாயிற்று. ஜிம்மில் வேலைக்குச் சேரவா, பெண்களுக்கென்று சொந்தமாக ஒன்று தொடங்கவா, கூடவே டயட்டும் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நம்ம திருநெல்வேலியில் காசு கொடுத்து உன்னிடம் வரப்போவது இன்ஸ்டாகிராமில் தெரிகிற இருபது வயதுப் பிள்ளைகள் இல்லை. பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் என்.ஜி.ஓ. காலனியிலும் இருக்கிற நாற்பது தாண்டிய மதினிமார்கள், ரிட்டயர்டான டீச்சர்கள். சர்க்கரை, பிரஷர், முட்டுவலி இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் வரமாட்டார்கள். என்ன படிப்பது, என்ன சாமான் வாங்குவது, எந்த நேரம் கதவைத் திறப்பது எல்லாவற்றையும் அவர்களை வைத்தே முடிவு செய்.

நேரத்தில் தொடங்குகிறேன். ஜிம் வேலை என்றால் காலை ஐந்தரை முதல் ஒன்பதரை, சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது. நடுப்பகல் சும்மா கிடக்கும். ஆனால் வீட்டுப் பெண்களுக்குக் கையில் நேரம் இருப்பதே அந்த நடுப்பகலில்தான்: பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாச்சு, சோறு வடிச்சாச்சு. பத்தரை முதல் பதினொன்றரை வரை ஒரு வகுப்பு வை. முதல் ஆறு மாதம் ஒரு ஜிம்மில் சம்பளத்துக்கு இருந்து கொண்டே இந்த ஒரு வகுப்பை மட்டும் நடத்தலாம், இரண்டும் மோதாது.

சான்றிதழைப் பொறுத்தவரை உன் பி.பி.எட். பள்ளிக்கூட வேலைக்கான படிப்பு. தனிநபர் பயிற்சிக்கு வேறொன்று வேண்டும். ஸ்போர்ட்ஸ், பிசிக்கல் எஜுகேஷன், ஃபிட்னஸ் அண்ட் லெஷர் ஸ்கில்ஸ் கவுன்சில் வழியாக ஃபிட்னஸ் டிரெய்னர் பயிற்சியும் தேர்வும் உண்டு. வெளிநாட்டுச் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் போன்றவை. செலவு கூடுதல், படிப்பு ஆங்கிலத்தில். எதை எடுத்தாலும், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றுகிற சி.பி.ஆர். பயிற்சியை மட்டும் காணொளியில் பார்த்து முடித்துவிடாதே. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று படிப்பது எளிது. பொம்மை மேல் கைவைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு சீக்கிரம் கை சோர்கிறது, ஆழம் குறைகிறது என்று புரியும்.

சேருகிற அன்றைக்கு பணம் வாங்குவதற்கு முன் பார்-க்யூ பிளஸ் படிவத்தை நிரப்பு; பயிற்சி செய்யலாமா என்று உடல்நிலையைக் கேட்டு அறிகிற படிவம் அது. முதல் பக்கத்தில் ஏழு கேள்வி. தமிழில் சொல்லிக் கேட்டு நீயே குறி. ஒன்றுக்கு 'ஆமா' வந்தாலும் பின்பக்கக் கேள்விகளுக்குப் போ. பிறகு ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிரஷர் பார். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். அதனால் இரண்டு அளவுப் பட்டை வாங்கி வை. 160/100க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல். 200/110ஐத் தொட்டால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் பத்தரை மணி வகுப்புக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. காலையில் காப்பியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலையெல்லாம் முடித்து பதினோரு மணிக்கு மேல்தான் இட்லி சாப்பிடுகிற பழக்கம் பலருக்கு. அந்த மாத்திரை கிளிமிபிரைடு போன்றதாக இருந்தால், அல்லது இன்சுலின் போட்டிருந்தால், வகுப்பு நடுவில் சர்க்கரை இறங்கி வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். வெறும் மெட்ஃபார்மின் என்றால் இந்தப் பயம் குறைவு. ஆகவே சேரும்போதே மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரை எழுதிக்கொள். வகுப்புக்கு முன் ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

பயிற்சிக்கு வருவோம். முதல் நாள் அளவுகோல் ஒரு நாற்காலி போதும். உட்காரும் பலகை தரையிலிருந்து 43 செ.மீ., கை வைக்கிற சட்டம் இல்லாதது, சுவரோடு ஒட்டிப் போட்டது. கையை நெஞ்சில் மடக்கிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணு. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் காலில் பலம் குறைவு என்று அர்த்தம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்; டைல்ஸ் தரையில் கால் விரிந்துவிடும்.

அந்த நாற்காலியே பயிற்சியும் ஆகும். 8 முறை, மூன்று சுற்று, மூன்று எண்ணும் வரை பைய உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுந்திருக்க வேண்டும். முட்டு வலிக்கிறது என்றால் நாற்காலி மேல் பலகை போட்டு உயரத்தைக் கூட்டு, பயிற்சியை நிறுத்தாதே. முட்டு உள்பக்கம் மடங்கினால் இரண்டு இடத்தைப் பார்: இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் பலமில்லை, அல்லது கணுக்கால் மடங்கவில்லை. குதிகாலுக்குக் கீழே 2.5 கிலோ பிளேட்டை வைத்துப் பார்த்து, முட்டு நேரானால் கணுக்கால்தான் காரணம். அடுத்தடுத்த இரண்டு வகுப்பில் 12 முறை சிரமமில்லாமல் வந்தால் மட்டும் கையில் 2 கிலோ கொடு.

இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் டியூபை இழுப்பது, கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்துக் குனிவது, பாரம் தூக்கி நடப்பது; அவ்வளவுதான் முதல் மூன்று மாதம். கம்பு தலை, முதுகு நடு, முதுகின் அடி ஆகிய மூன்று இடத்திலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் குனிவது தப்பு. பாரத்துக்கு பிளாஸ்டிக் குடம் போதும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாலு லிட்டரில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகலாம். இரண்டு கையிலும் சம அளவு. டியூபை மாதாமாதம் இழுத்து விரிசல் பார். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும்.

துள்ளல், ஸ்கிப்பிங் வேண்டாம் என்று ஒருத்தி ஒதுங்கினால் சோம்பல் என்று நினைக்காதே. பிரசவத்துக்குப் பிறகு குதித்தால் சிறுநீர் கசிகிறவர்கள் நிறைய; வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆம்பிளை டிரெய்னரிடம் சொல்லவே மாட்டார்கள். தனியாகக் கேள், இடுப்புத்தளப் பயிற்சி சொல்லிக் கொடு, சரியாகாவிட்டால் மகப்பேறு டாக்டரிடம் அனுப்பு. உன் வகுப்புக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே ஆள் வரும்.

முதல் நாளே நூறு ஸ்குவாட் போட வைக்கிற வீரம் எந்த ஜிம்மில் கண்டாலும் பின்பற்றாதே. பழகாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அடுத்த ஓரிரு நாளில் கால் வீங்கி, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி சாப்பாடு. டயட்டீஷியன் என்று பலகை மாட்டாதே. அதற்கு உணவியல் படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சி, இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனின் ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வு என்று தனி வழி இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்றால் அவர்களிடம் அனுப்பிவிடு. மற்றவர்களுக்குப் பொதுவான வழி சொல்ல உனக்கு உரிமை உண்டு, அதையும் ஓட்ஸ், புரொக்கோலி என்று அச்சடித்த தாளில் கொடுத்தால் அது பிரிட்ஜ் கதவோடு நின்றுவிடும். நீ கேட்க வேண்டியது மளிகைச் சிட்டை. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். சிட்டையில் உள்ளது காசு கொடுத்து வாங்கியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரித் தட்டுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி என்று வருகிறது. நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு மாதக் கணக்காக்கினால் அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்து 30 கிலோ, பருப்பு 10 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு 5 கிராம் வீதம் 600 கிராம். சர்க்கரையும் கருப்பட்டியும் சேர்த்து 3 கிலோவுக்குள் நின்றால் நல்லது. இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் அவர்கள் சிட்டையை வைத்துப் பார். பெரும்பாலும் பருப்பு பாதிகூட இருக்காது. எண்ணெய் இரட்டிப்பாக இருக்கும். மீன், முட்டை சாப்பிடுகிற வீட்டில் பருப்பு குறைந்தாலும் பரவாயில்லை.

சிட்டையில் வராதவற்றைத் தனியாகக் கேட்டு எழுது: ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, ரேஷன் பாமாயில், கடையில் வாங்கும் இட்லி மாவு, ராத்திரி வாங்கிவரும் பரோட்டா, வீட்டு மரத்துத் தேங்காய். தேங்காயை நம்மூரில் யாரும் எண்ணெயோடு சேர்த்து எண்ணுவதில்லை. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 முதல் 400 கலோரி இருக்கிறது. தேங்காய்ப்பால் குழம்பான சொதியை நிறுத்தச் சொன்னால் உன்னை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் பாலில் காயையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, பருப்பை இருமடங்காக்கி, முதல் பாலைப் பாதியாகக் குறைக்கச் சொல். ருசி அவ்வளவாகக் கெடாது.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். கணக்கில் நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம். பளு தூக்கிப் பயிற்சி செய்தால் 70 வரை போகலாம். நாலு இட்லி, மத்தியானம் சோறு குழம்பு ஒரு வெஞ்சனம், இரண்டு காப்பி, ராத்திரி தோசை என்றால் 35ஐத் தாண்டுவது கஷ்டம். குறையை நிரப்ப டப்பாப் பவுடர் தேவையில்லை. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம், இரண்டு முட்டையில் 12, 100 கிராம் சாளை மீனில் 18க்குக் குறையாது. பொரிக்காமல் குழம்பாக வைத்தால் எண்ணெயும் மிச்சம். 150 கிராம் அரிசியில் 12 கிராம் புரதம். அதையே 100 கிராம் அரிசி, 50 கிராம் தோல் உளுந்து என்று உளுந்தஞ்சோறாக ஆக்கினால் 19க்கு மேல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும் இருக்கவே இருக்கிறது. சமைந்த பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்ததை வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே ஆக்கச் சொல். சர்க்கரைக்காரர்களுக்குப் புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரக நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் பேசாதே. கருப்பட்டிக் காப்பி சர்க்கரை ஏற்றாது என்பார்கள். ஏற்றும்.

விரதங்களுக்கு முன்கூட்டியே தயாராக இரு. குலசை தசரா விரதம், கார்த்திகை மாலை, ரம்ஜான், தவக்காலம் என்று ஆண்டில் பல வாரங்கள் சாப்பாடு மாறும். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரம்ஜான் மாதம் பகல் வகுப்பு வைக்காதே. நோன்பு திறந்த பிறகு அரை மணி நேரம், பாதிப் பாரம். ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்தில் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் வகுப்புக்கு வரக்கூடாது.

இளம்பிள்ளைகளிலும் ஒரு கூட்டம் உனக்குக் கிடைக்கும்: காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும், ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடம். பெண்கள் பிரிவில் தோற்கிறவர்கள் வேகம் போதாமல் தோற்பதில்லை. முதல் 100 மீட்டரைப் பறந்துவிட்டு மூச்சு வாங்கி நடந்துவிடுகிறார்கள். 100 மீட்டருக்கு 35 விநாடி என்று விசில் வைத்துப் பழக்கினால் பத்து விநாடி மிச்சத்தோடு முடிக்கலாம். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு தார் ரோட்டில் தேய்ந்த ஷூவோடு தினமும் ஓடித்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி வருகிறது. எட்டு வாரம் முன்பே, வாரம் மூன்று நாள், மண் தரையில் தொடங்கவை.

சாமானில் டிரெட்மில் வாங்காதே. தனியாக 16 ஆம்ப் இணைப்பு வேண்டும், பெல்ட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தான் உதவும். 20க்கு 15 அடி அறை, ரப்பர் விரிப்பு, 1 முதல் 7.5 கிலோ வரை டம்பெல் ஜோடிகள், டியூப், பத்து நாற்காலி போதும். தகரக் கூரை அறை வாடகை குறைவு என்று எடுத்தால் சித்திரையில் ஒருத்தியும் வரமாட்டாள். பத்துப் பத்துப் பேராக மூன்று வகுப்பு, ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் 30 பேருக்கு 30,000. ஆனால் 20 பேர்தான் கட்டுவார்கள் என்று நினைத்து, அந்த 20,000இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கொடுக்காதே. வருடக் கட்டணம் வாங்காதே. இரண்டு வகுப்பு வராதவரை மூன்றாம் நாளே போனில் கூப்பிடு.

யாராவது பவுடர் டப்பாவோடு கமிஷன் பேச வருவார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இல்லாததைத் தொடாதே. எண் இருந்தாலும் உன் வகுப்பில் விற்காதே. விற்கத் தொடங்கிய நாளிலிருந்து நீ சொல்கிற சுண்டலை யாரும் நம்பமாட்டார்கள். ஊசி, ஸ்டீராய்டு பேச்சு வந்தால் வாசலோடு அனுப்பு. லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்பது குற்றம்.

இப்போதைக்கு ஒரு வேலை: உன் தெருவில் மூன்று வீட்டுச் சிட்டையைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன கணக்கோடு பக்கத்தில் பக்கமாக எழுதி அனுப்பு. இட்லிக்குப் போடுகிற உளுந்தைப் பருப்புக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்