கூண்டைத் திறந்தால் போதுமா?

அன்புள்ள முருகேசா,

பதில் போடத் தாமதம்தான், திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

“திறந்துவிட்டால் பறவை தானே பிழைத்துக்கொள்ளும்” என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் விட மனசில்லை. நீயும் பழனி மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாய்!

அமெரிக்காவில் செத்த விலங்கைத் தின்னும் பெரிய பிணந்தின்னிக் கழுகு, கலிபோர்னியா காண்டரை எடுத்துக்கொள். 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்தபோது உலகத்தில் இருந்தது மொத்தமே 27. முட்டையை எடுத்துவிட்டால் தாய் இன்னொன்று இடும். அதை வைத்துத்தான் பெருக்கினார்கள். மனித முகம் பழகிவிடக் கூடாதென்று, காண்டர் தலை போலக் கையுறைப் பாவை செய்து குஞ்சுக்கு இரை ஊட்டினார்கள். 1992இல் காட்டில் விட்டார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது வினை. ஒன்று, வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தைக் குடித்துச் செத்தது. சில மின்கம்பியில் மோதிச் செத்தன. இறக்கை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். அந்த உடம்பை வைத்துக்கொண்டு கடைசி நொடியில் எங்கே ஒதுங்குவது?

பிழைத்தவற்றைத் திரும்பப் பிடித்தார்கள். பிறகு, விடப்போகும் பறவைகளின் கூண்டுக்குள் பொய் மின்கம்பம் நட்டார்கள். அதில் உட்கார்ந்தால் சுள்ளென்று லேசாக ஷாக் அடிக்கும். மரக்கிளையில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. கம்பம் ஆகாது, கிளை ஆகும் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். கூடவே வயதான காண்டர் ஒன்றையும் விட்டார்கள். இரைக்கு முண்டும் இளசை நாலு கொத்து கொத்தி ஒழுங்குக்குக் கொண்டுவர அதுதான் சரி. பாவை ஊட்டும், அதட்டுமா?

இத்தனைக்கும் பிறகு குப்பை. பாட்டில் மூடி, கண்ணாடிச் சில்லு என்று பொறுக்கி வந்து பெற்றவையே குஞ்சுக்கு ஊட்டுகின்றன. சுண்ணாம்புச் சத்துக்காகத் தேடும் எலும்புத் துண்டு என்று நினைத்துப் பொறுக்குவதாக ஒரு கருத்து உண்டு. வயிறு அடைத்துக் குஞ்சு சாகிறது. ஆள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கிக் கூட்டைச் சுத்தம் செய்யவேண்டியிருக்கிறது.

ஈயத்துக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் உதவாது. வேட்டைக்காரர் சுட்ட விலங்கின் பிணத்தைத் தின்னும்போது அதில் சிதறிய ஈயக் குண்டும் உள்ளே போய் விஷமாகிறது; பறவைக்கு அதன் ருசியோ வாசனையோ தெரியாது. ஷாக் வைத்துப் பழக்க வழியில்லை. 2019 முதல் கலிபோர்னியா முழுக்க வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. பக்கத்து அரிசோனாவில் வேட்டைக்காரரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். காண்டருக்கு மாநில எல்லை தெரியுமாடா?

அடுத்த கடிதத்தில் உன் பதிலை எழுது. பழனியைக் கேட்காமல் எழுது.

உன்,
சேகர்