புக் பேக்கில் இல்லாத ஒரே ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், நாங்கள் பழைய பழக்கத்தில் இன்னும் டிபிஐ என்றே சொல்கிற வளாகத்தில், பாடநூலை உருவாக்கும் நிறுவனமும் இருக்கிறது, பொதுத்தேர்வை நடத்தும் இயக்ககமும் இருக்கிறது. இந்த மடல் இரண்டு தரப்புக்கும்தான். நான் வடசென்னையில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வின் இலக்கியப் பகுதியில், புக் பேக்கிலும் (பாடத்தின் முடிவில் இருக்கும் பயிற்சிக் கேள்விகள்) இல்லாத, கைடிலும் இல்லாத, பிள்ளைகள் தாங்களாகவே யோசித்து எழுத வேண்டிய ஒரு கேள்வி வையுங்கள். ஐந்து மதிப்பெண் போதும்.

ஐந்து மதிப்பெண்ணுக்கா இவ்வளவு நீள மடல் என்று கேட்பீர்கள். அந்த ஐந்து இல்லாததால்தான் ஜூன் மாதமே எங்கள் பாடத்திட்டம் படுத்துவிடுகிறது.

புத்தகத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த நூல். பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும் கடற்பறவைக் குஞ்சைப் பற்றி லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டி எழுதிய கதையில் தொடங்குகிறது. சத்யஜித் ராய் இருக்கிறார், கிப்ளிங் இருக்கிறார், துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் சூறாவளி நாடகம் கதையாக இருக்கிறது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு ரசனை உண்டு. முதல் பாடத்தையே பாருங்கள். பசியோடு இருக்கும் குஞ்சின் கண்ணெதிரே தாய்ப்பறவை மீனைக் கிழிக்கிறது, கவ்விக்கொண்டு பக்கத்தில் பறந்து வருகிறது, ஆனால் எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. காசிமேட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதை வாசித்தால் சும்மா இருப்பார்களா? "அந்தம்மா பண்ணது தப்பு மிஸ், பசியில இருக்கிற புள்ளைகிட்ட இப்படியா விளையாடுறது" என்று ஒரு கூட்டம். "எங்கம்மாவும் இப்படித்தான், வேலைக்குப் போனாத்தான் சோறுன்னு சொல்லும்" என்று இன்னொரு கூட்டம். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. இலக்கிய வகுப்பு என்றால் எனக்கு அதுதான். ஆனால் அந்தச் சண்டையை எழுத வினாத்தாளில் இடம் கிடையாது. குஞ்சு ஏன் பறக்கவில்லை, பெற்றோர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கைடில் மூன்று வரி விடை தயாராக இருக்கும்.

ஐந்தாவது அலகில் இருக்கும் கிப்ளிங் கவிதையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1911-இல் எழுதியது. இயந்திரங்களே பேசுகின்றன: எங்களைச் சுரங்கத்திலிருந்து எடுத்தீர்கள், உருக்கினீர்கள், அடித்து வடித்தீர்கள், கொஞ்சம் தண்ணீரும் கரியும் எண்ணெயும் கொடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் உழைக்கிறோம் என்கின்றன. அப்புறம் ஓர் எச்சரிக்கை. எங்களுக்கு அன்பு தெரியாது, இரக்கம் தெரியாது, மன்னிக்கவும் தெரியாது, கையாள்வதில் தவறினால் உயிர் போகும். இந்த இடத்தை வாசித்தபோது வகுப்பில் பாதிப் பேர் ஒரே பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "எங்கப்பா வெரலு மிஸ். பவர் பிரஸ்ஸுல போச்சு." அடுத்த ஐந்து நிமிடம் நான் பாடம் நடத்தவில்லை, அவன் நடத்தினான். மிஷினில் காவல் தகடு எங்கே இருக்கும், வேலை வேகமாக ஓட வேண்டும் என்று அதை ஏன் கழற்றிவைப்பார்கள், கையை எப்போது இழுக்க வேண்டும், எல்லாம் செய்துகாட்டினான்.

அந்தக் கவிதையின் முடிவில் இயந்திரங்கள் ஓர் ஆறுதலும் சொல்கின்றன. எங்கள் புகை வானத்தை மறைக்கலாம், ஆனால் அது கலைந்துபோகும், நட்சத்திரங்கள் திரும்பவும் தெரியும் என்று. எண்ணூரிலும் மணலியிலும் வளரும் பிள்ளைகளிடம் இதை வாசித்துக்காட்டி, "கிப்ளிங் சொன்னது நடந்ததா?" என்று கேட்டுப்பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அதே மாதக் கடைசியில் ஒருநாள் நடுராத்திரி அமோனியா நெடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு திசையிலும் போகலாம். கிப்ளிங்கின் இயந்திரங்கள் ஓய்வே கேட்பதில்லை. அவர் எழுதி ஏழு வருஷம் கழித்து, 1918-இல், பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க. அதில் முன்னால் நின்றார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற மனிதன் ஓய்வு கேட்டான் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இதற்கு நான் கொடுத்த அசைன்மென்ட் இதுதான்: உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஏதாவது ஒரு மிஷின் பேசுவதுபோல் எட்டு வரி எழுது. சார்ட் கூடாது, படம் ஒட்டக் கூடாது, காசு செலவாகக் கூடாது. (இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. துணைப்பாடத்துக்கு 'புராஜெக்ட்' கொடுத்தால் பள்ளி வாசல் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு ஷேக்ஸ்பியர் முகம்தான் வியாபாரம். அத்தனை நோட்டிலும் ஒரே தாடி.) காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மிஷினாக ஒரு பையன் எழுதினான். அவனுடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்கிறேன்: "ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்புவார்கள். கட்டியைப் போடுவார்கள், தூளாகத் துப்புவேன். மீன் யாருடையது என்று எனக்குத் தெரியாது. புயல் என்றால் எனக்கு லீவு. அவர்களுக்குக் கூலி இல்லை." ஸ்பெல்லிங் பல இடத்தில் தவறு, டென்ஸ் தாறுமாறு. ஆனால் கவிதையை இதைவிட யார் புரிந்துகொள்ள முடியும்? அதே பையன் திருப்புதல் தேர்வில் 'ரைமிங் வேர்ட்ஸ்', 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' இரண்டையும் விட்டுவிட்டான். ரிசல்ட் அனாலிசிஸில் அவன் பெயர் மெல்லக் கற்போர் பட்டியலில் ஏறியது. அப்புறம் மாலை ஸ்பெஷல் கிளாஸில் உட்காரவைத்து உயிரில்லாததை மனிதன்போல் பேசவைப்பதைக் குறிக்கும் 'பெர்சானிஃபிகேஷன்' என்ற சொல்லை இருபது தடவை எழுதவைத்தோம். பெர்சானிஃபிகேஷனைச் செய்தே காட்டியவனுக்கு இந்த மரியாதை.

ஆறாவது அலகு அல்போன்ஸ் தோதேயின் கதை, 'தி லாஸ்ட் லெசன்'. 1870-71 போரில் தோற்ற பிரான்சிடமிருந்து அல்சாஸ் பகுதி ஜெர்மனி கைக்குப் போகிறது, இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. படிக்காமல் தாமதமாக வரும் ஃபிரான்ஸ் என்ற பையன், கடைசி வகுப்பு எடுக்கும் ஆசிரியர், பின்பெஞ்சில் வந்து உட்காரும் ஊர்ப் பெரியவர்கள். இந்தக் கதையை நடத்த இந்தியாவிலேயே பொருத்தமான இடம் எது என்று கேட்டால் மூலக்கொத்தளத்தைச் சுற்றியுள்ள பள்ளிகள் என்பேன். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் உயிர்விட்டார்கள். இருவரையும் அடக்கம் செய்தது அங்கேதான். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஃபிரான்ஸுக்கு ஒரு கடிதம் எழுது, இந்த இருவரைப் பற்றி அவனுக்குச் சொல் என்று கேட்டால், கடிதப் பயிற்சியும் ஆயிற்று, கதையும் ஆயிற்று, வரலாறும் ஆயிற்று.

இன்னும் உள்ளே போகலாம். அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்த வட்டார மொழி. கதை இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அப்படியென்றால் ஃபிரான்ஸ் இழந்தது யாருடைய மொழி? கதாசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார்? இதைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "அப்போ நாம எதுக்கு மிஸ் இந்தக் கதையை இங்கிலீஷ்ல படிக்கிறோம்?" என்றாள். பதில் சொல்ல ஒரு முழு பீரியட் தேவை. அந்த பீரியட் என்னிடம் இல்லை. காரணம், இந்த அலகு கையில் வரும்போது வடகிழக்குப் பருவமழை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மழை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். லீவு விடுவார்கள், சில பள்ளிகள் நிவாரண முகாமாக மாறும், வகுப்பறை காய்ந்து பிள்ளைகள் திரும்புவதற்குள் அரையாண்டு வந்துவிடும். நோட்ஸ் ஆஃப் லெசனில் (ஆசிரியரின் பாடக்குறிப்பேடு) எல்லாம் நடத்தியதாகக் கையெழுத்து இருக்கும். உண்மையில் நடப்பது புக் பேக் ஐந்து கேள்வி, ஒரு பாரா, அவ்வளவுதான். எந்தப் பாடம் வந்தாலும் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ள ஒரு 'காமன் பாரா'கூடச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பாடத்தில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸும் இந்த ஃபிரான்ஸும் அதில் ஒரே மாதிரி நல்லவர்கள்.

மனப்பாடத்துக்கு நான் எதிரியில்லை. குறளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்தானே நாம். மெமரி போயம் இருக்கட்டும், துணைப்பாட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் 'ரீஅரேஞ்ச்' இருக்கட்டும், குறிப்புகளை வைத்துக் கதை எழுதும் 'ஹின்ட்ஸ் டெவலப்மென்ட்'டும் இருக்கட்டும். நூறில் தொண்ணூற்றைந்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்துக்கு, கதையில் வரும் ஒருவர் செய்தது சரியா, உன் காரணம் என்ன என்று கேளுங்கள். அல்லது புத்தகத்தில் இல்லாத எளிய கவிதை ஒன்றைக் கொடுத்து, இதில் உனக்குப் பிடித்த வரி எது, ஏன் என்று கேளுங்கள். பாடநூல் கேள்விகளில் இந்த மாதிரி ஒன்றிரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. தேர்வில் வராது என்று தெரிந்ததால் நாங்கள் தாண்டிப்போகிறோம்.

உடனே வரப்போகும் பதில் எனக்குத் தெரியும்: தேர்ச்சி விழுக்காடு குறையும், வடசென்னைப் பிள்ளைகள்தான் முதலில் அடிபடுவார்கள். தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஐந்து மதிப்பெண் கேள்வி அதை அசைக்காது. உண்மையில், மனப்பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி உதவும். மனப்பாடப் பாராவில் இரண்டாவது வரி மறந்தால் அவன் பேனாவை மூடிவிடுகிறான். சொந்தக் கருத்து கேட்டால் நாலு உடைந்த வாக்கியமாவது எழுதுவான். அந்த நாலு வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதனால் திருத்தும் முகாமுக்கு அனுப்பும் கீ ஆன்சரில் தெளிவாக எழுதிவிடுங்கள்: இந்தக் கேள்விக்கு மாதிரி விடை கிடையாது, காரணம் சொல்லியிருந்தால் மூன்று, பாடத்திலிருந்து ஓர் இடத்தைக் காட்டியிருந்தால் மேலும் இரண்டு, ஸ்பெல்லிங்குக்குக் குறைக்கக் கூடாது. இதை எழுதாவிட்டால் முகாமில் ஆளுக்கொரு மாதிரி திருத்துவார்கள், பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள், அடுத்த வருஷமே கேள்வியை எடுத்துவிடுவீர்கள்.

கைடு போடுகிறவர்கள் இதற்கும் விடை எழுதித் தரமாட்டார்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தருவார்கள். ஆனால் வருஷா வருஷம் கேள்வி மாறினால் அவர்களும் எவ்வளவுதான் எழுதுவார்கள்?

முதலில் சென்னை மாவட்டக் காலாண்டுத் தேர்வில் வைத்துப் பார்க்கலாம். அதில் வருகிற விடைத்தாள்களில் ஒரு கட்டை, நல்லது கெட்டது பிரிக்காமல், கல்லூரிச் சாலைக்கு வரவழைத்துப் படியுங்கள். பாடநூல் எழுதியவர்களும் வினாத்தாள் எடுப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. மாதிரி வினாத்தாளை ஜூன் முடிவதற்குள் வெளியிட்டுவிட்டால், மழைக்கு முன்னாலேயே கிப்ளிங்கையும் தோதேயையும் முடிக்கிற மாதிரி அலகுகளை முன்பின்னாக மாற்றிப் பாடத்திட்டம் போட எங்களால் முடியும். அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர்களுக்கு ஒரு வரி சுற்றறிக்கையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நோட்ஸ் ஆஃப் லெசனில் கையெழுத்து விழாது.

இப்படிக்கு,
வடசென்னை ஆங்கில ஆசிரியை ஒருவர்